பின்விளக்கு பார்க்க ஓர் ஆள்

நான்காவது கேள்விக்கும் பதில் வந்த பிறகுதான், கொட்டகையில் தன்னைத் தவிர யாரும் இல்லை என்பது டெல்பினுக்கு உறைத்தது.

அதற்கு முந்தைய மூன்று கேள்விகளும் சரளமாகப் போயிருந்தன. ஓட்டுநர் பக்கம் உட்கார்ந்து, மடியில் வயரிங் படத்தை விரித்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு சுவிட்சாகப் போட்டுக் கேட்டுக்கொண்டே வந்தாள். "பார்க் லைட்?" என்றாள். "எரியுது" என்று வண்டிக்குப் பின்னாலிருந்து பதில் வந்தது. "லெஃப்ட் இண்டிகேட்டர்?" "எரியுது." "ரைட்?" "எரியுது. ஆனா கொஞ்சம் மங்கல்." காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து, படத்தின் ஓரத்தில் அந்த மங்கலைக் குறித்துக்கொண்டாள். பிறகு பெடலை மிதித்து, "பிரேக்?" என்றாள். "எரியுது" என்றது குரல்.

பிரான்சியின் குரல்தான். கோயில் பாட்டுக்குழுவில் இருபது வருஷமாகக் கீழ்க்குரல் பாடும் கனத்த தொண்டை அவருக்கு. கைலாசபுரம் குவார்ட்டர்ஸில் அவர் வாசலில் நின்று பால்காரரைக் கூப்பிட்டால் அடுத்த தெருவில் ஜன்னல் திறக்கும். அப்பேர்ப்பட்ட குரலை, கட்டிய மனைவி தப்பாகக் கேட்க வாய்ப்பில்லை. சிக்கல் என்னவென்றால், பிரான்சி அந்த நேரம் இருபது கிலோமீட்டருக்கு அப்பால் தொழிற்சாலையில் இருந்தார். காலையில் எலுமிச்சை சாதம் கட்டிக் கொடுத்து அவரை ஷிஃப்டுக்கு அனுப்பியவளே அவள்தான்.

டெல்பின் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். செவ்வாய்க்கிழமை மதியம் மூன்று மணி இருக்கும். மேலூர் ரோட்டின் கடைசியில், கொள்ளிடக் கரையை ஒட்டிய அந்தக் கொட்டகை முன்பு வாழைக்காய் கிடங்காக இருந்தது. தார் தொங்கவிட்ட இரும்புக் கொக்கிகள் இன்னும் உத்தரத்தில் வரிசையாக இருந்தன. தகரக் கூரைமேல் ஐப்பசி மழை ஒரே சீராகக் கொட்டிக்கொண்டிருக்க, காய்ந்த வாழைப்பால் வாசனையும், பழைய ரெக்ஸின் வாசனையும், அவள் காலையில் பற்றவைத்த ஈயத்தின் புகை வாசனையும் கலந்து நெஞ்சுக்குள் இறங்கின. இண்டிகேட்டர் ரிலே மட்டும் டிக், டிக் என்று அடித்துக்கொண்டிருந்தது. அதை அணைத்தாள். மழைச் சத்தத்துக்கு அடியில் வேறு சத்தம் ஏதாவது இருக்கிறதா என்று காதைக் கொடுத்தாள். இல்லை.

இறங்கிப் போய்ப் பார்த்தாள். வண்டிக்குப் பின்னால் நாலடி இடம், அதற்கப்புறம் சுவர், சுவரோரம் கோணிச் சாக்குகள். மூலையில் இருந்த சின்னப் பின்கதவு சாத்தியே இருந்தது. ஷட்டர் முக்கால்வாசி இறங்கியிருந்தது. அதற்கு வெளியே சேற்றில் அவள் ஸ்கூட்டரின் தடத்தைத் தவிர வேறு தடமில்லை. மனப்பிரமை என்று சொல்லிக்கொண்டாள். அப்படியே விட்டிருக்கலாம். ஆனால் கை சும்மா இருக்கவில்லை; வலது இண்டிகேட்டரைப் போட்டுவிட்டு வந்து பார்த்தாள். விளக்கு மங்கலாகத்தான் எரிந்தது. அதன் வயர் வண்டியின் பாடியோடு சேரும் திருகில் துரு. முன்னால் உட்கார்ந்திருந்த ஆளுக்கு அது தெரிய வழியே இல்லை.

டெல்பின் லேசில் பயப்படுகிற பெண் இல்லை. பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரிகல் படித்து, கார்களுக்கு வயர்க்கட்டு செய்யும் கம்பெனியில் ஒன்பது வருஷம் நின்று, கல்யாணமான பின் திருச்சிக்கு வந்து சொந்தமாகத் தொழில் தொடங்கியவள். பிளைவுட் பலகையில் ஆணி அடித்து, ஆணிக்கு ஆணி வயரை ஓட்டிக் கட்டி, ஒரு முழு வண்டிக்குமான நரம்பை மூன்றே நாளில் எடுத்துவிடுவாள். கே.கே. நகர், உறையூர் பக்கமெல்லாம் பழைய வண்டி வைத்திருப்பவர்கள் அவளைத் தேடி வருவார்கள். அறுபத்து நான்காம் வருஷத்து இந்த அம்பாசடரும் அப்படி வந்ததுதான். பெரிய கடைவீதி பஷீர் அகமதுவின் வண்டி. ஞாயிற்றுக்கிழமை அவர் மகள் பஸீலாவின் நிக்காஹ்; மாப்பிள்ளையை இதில்தான் அழைத்து வர வேண்டும் என்று ஒரே பிடியாக இருந்தார்.

வண்டியில் பழைய வயர் எதுவும் தேறவில்லை. துணி சுற்றிய வயரெல்லாம் தொட்டால் உதிர்ந்தது. மொத்த வண்டிக்கும் இரண்டே ப்யூஸ். அந்தக் கால வழக்கப்படி பேட்டரியின் பாசிட்டிவை வண்டியின் பாடியில் கொடுத்திருந்தார்கள்; பேட்டரிக்கு மின்சாரம் ஏற்றும் புதிய ஆல்டர்னேட்டர் மாட்ட வேண்டுமானால் அதைத் தலைகீழாக்கி நெகட்டிவைப் பாடிக்குக் கொண்டுவர வேண்டும். அறுபது வருஷம் ஒரு திசையில் ஓடிய மின்சாரத்தை அவள் திங்கட்கிழமை சாயங்காலம் திருப்பிவிட்டாள். மறுநாள்தான் இந்தக் குரல்.

இந்தத் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. பரிசோதனைக்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் முன்னால் உட்கார்ந்து கேட்பார், இன்னொருவர் பின்னால் நின்று சொல்வார். பின்னால் நிற்பவர் ஊகித்துச் சொல்லக் கூடாது; கண்ணால் கண்டதை மட்டும் சொல்ல வேண்டும். பதினாறு வருஷமாக லீவு நாளெல்லாம் அந்த இடம் பிரான்சிக்கு. பாட்டுக்குழுவில் இதைச் சொல்லிக் கிண்டல் செய்வார்கள். அவருக்கு அதில் பெருமைதான். கடைசி விளக்கும் சரியென்றானதும் டெல்பின், "அவ்ளோதான், வந்து உக்காருங்க" என்பாள். பிரான்சி சுற்றி வந்து இடப்பக்கம் ஏறி உட்காருவார். எல்லா விளக்கையும் ஒன்றாகப் போட்டுவிட்டு, எங்காவது வயர் சூடேறி நாற்றம் வருகிறதா என்று இரண்டு பேரும் ஐந்து நிமிடம் பேசாமல் மூக்கால் பார்ப்பார்கள். அவர்கள் தாம்பத்தியத்தில் இரண்டு பேரும் ஒன்றாக வாய்மூடி இருப்பது அந்த ஐந்து நிமிடம்தான் என்று பிரான்சி சொல்வார்.

ஆக, பழக்கதோஷத்தில் கேட்டுவிட்டாள். அதற்குப் பதில் வந்ததுதான் கணக்கில் வரவில்லை.

பிரான்சியை போனில் கூப்பிட்டாள். "என்னம்மா, இந்நேரத்துல?" என்றார். பின்னணியில் கிரேன் சத்தம். சும்மாதான் என்றாள். "சளி பிடிச்ச மாதிரி இருக்கு, தொண்டை கட்டுது. சாயங்காலம் கொஞ்சம் மிளகு ரசம் வை" என்றார். குரல் கரகரத்தது.

புதன்கிழமை காலை பஷீர் அகமது வண்டியைப் பார்க்க வந்தார். புதிய ப்யூஸ் பெட்டியைக் கண்டு சந்தோஷப்பட்டார். இந்த வண்டிக்கு இதற்கு முன்பு யார் வயரிங் பார்த்தது என்று டெல்பின் எதேச்சையாகக் கேட்பது போலக் கேட்டாள்.

"எங்க அத்தாதான் தங்கச்சி. மவுத்தாகிற வரைக்கும் ஒரு பல்பு மாத்தணும்னாலும் அவங்களேதான். நான் பின்னாடி நின்னு பாத்துச் சொல்றேன்னா விடவே மாட்டாங்க. சுவிட்சைப் போட்டுட்டு எறங்கிப் போய்ப் பாப்பாங்க. திரும்ப வந்து உக்காந்து அடுத்ததைப் போடுவாங்க. முழங்கால் வலியோட."

"ஏன் பாய், உங்க அப்பா அப்படி?"

"கேட்டிருக்கேன். இந்த வண்டிக்குப் பின்னாடி யாரும் நிக்க வேணாம், யாரையும் ஒண்ணும் கேக்கவும் வேணாம்னு சொல்வாங்க. அதுக்கு மேல பேச மாட்டாங்க. பிடிவாதக்காரங்க." சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

அவர் கார் போன பிறகு டெல்பின் அங்கேயே நின்றாள். பயமாக இருந்தது. பயத்தைவிடக் கோபம் அதிகமாக இருந்தது. இல்லாத ஒன்றுக்குப் பயப்படுகிறோமே என்ற கோபம். எந்தக் கோளாறையும் சோதித்துப் பார்த்து முடிவு கட்டுவதுதான் அவள் பழகிய வழி. வலது இண்டிகேட்டர் கண்ணாடியைக் கழற்றி, பல்பை உருவிப் பாவாடைப் பைக்குள் போட்டுக்கொண்டு, முன்னால் போய் உட்கார்ந்தாள். குரல் வெறும் பழக்கத்தின் எதிரொலியானால், பல்பு இல்லாவிட்டாலும் வழக்கம்போல 'எரியுது' என்றுதான் சொல்லும். சுவிட்சைத் தட்டினாள்.

"ரைட் இண்டிகேட்டர்?"

மழை இல்லை அன்று. எங்கோ பக்கத்துத் தோப்பில் தேங்காய் மட்டை விழுந்தது. கூரைத் தகரம் வெயிலுக்கு முனகியது. அவ்வளவுதான், ஒன்றுமில்லை என்று அவள் மூச்சை விடப்போன நேரம்.

"எரியல" என்றார் பிரான்சி. பிறகு தொண்டைக்குள் ஒரு சின்னச் சிரிப்பு, வீட்டில் அவளைச் சீண்டும்போது சிரிப்பாரே, அதே சிரிப்பு. "பல்பே இல்லையேம்மா."

ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு ஓடினாள். கொட்டகையைப் பூட்டினாளா என்பதுகூடக் காவேரிப் பாலம் தாண்டிய பிறகுதான் நினைவுக்கு வந்தது. வீட்டுக்குப் போனபோது பிரான்சி பாதி ஷிஃப்டில் திரும்பிவந்து ஈஸிசேரில் சாய்ந்திருந்தார். அவளைப் பார்த்து வாயைத் திறந்தார். உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை. தானே வேடிக்கை பார்ப்பது போலத் தொண்டையைத் தொட்டுக் காட்டி, காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதினார்: 'பதினொரு மணிக்கு சுத்தமா போச்சு. ஞாயிறு பூசைக்கு நான்தான் தனிப்பாட்டு. குருவானவர் என்னைக் கொல்லப்போறார்.' எழுதிவிட்டுச் சிரித்தார். சிரிப்பிலும் சத்தம் இல்லை.

பதினொரு மணி. அவள் பல்பைக் கழற்றிவைத்துவிட்டுக் கேட்ட நேரம் அதுதான்.

தொண்டை டாக்டர் கண்ணாடி விட்டுப் பார்த்தார். வீக்கம் இல்லை, புண் இல்லை, குரல்நாண்கள் சுத்தமாக இருக்கின்றன, மூன்று நாள் பேசாமல் இருங்கள் என்றார். தொண்டையில் ஒன்றுமே இல்லை என்று அவர் ஆறுதலாகச் சொன்னது டெல்பினுக்கு ஆறுதலாக இல்லை. தான் கேட்கக் கேட்க அங்கே ஒன்று இவரிடமிருந்து எடுத்துக்கொள்கிறது. முதல் நாள் கொஞ்சம், இரண்டாம் நாள் மிச்சம். யாரிடம் சொல்வது இதை? அன்றிரவு பிரான்சி தூங்கிய பிறகு அவர் மார்பில் கை வைத்துக்கொண்டு படுத்திருந்தாள். மூச்சு வந்து போய்க்கொண்டிருந்தது. இதாவது இருக்கட்டும் என்று மாதாவிடம் கேட்டாள்.

வண்டியைத் தொடாமலே விட்டுவிடலாம்தான். விட்டால் அது கொட்டகையிலேயே நிற்கும், பிரான்சியின் குரலோடு. வண்டியை முடித்துக் கொடுத்து, தன் கையைவிட்டு அனுப்பிவிட்டால் போனது திரும்பும் என்று ஏனோ தோன்றியது. அதற்கு ஆதாரம் ஒன்றுமில்லை. ஆனால் வேறு எதற்குத்தான் அவளிடம் ஆதாரம் இருந்தது? ஒரு கேள்விகூடக் கேட்காமல் வேலையை முடிப்பது என்று தீர்மானித்துக்கொண்டாள். வியாழக்கிழமை கிளம்பும்போது பிரான்சி செருப்பை மாட்டிக்கொண்டு கூட வர நின்றார். லீவு போட்டிருந்தார்.

"வேணாங்க. ரெஸ்ட் எடுங்க. அமிர்தராஜ் கூட இருக்காரு" என்றாள்.

அமிர்தராஜ் மெக்கானிக். பெட்ரோல் டாங்கை ஈயம் பூசக் கழற்றிக்கொண்டு பொன்மலைக்குப் போனவர், வெள்ளிக்கிழமைதான் வருவார். பதினாறு வருஷத்தில் அவள் பிரான்சியிடம் சொன்ன பொய்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். இது அதில் சேர்ந்தது.

கொட்டகையில் அன்று முழுக்க அவள் வாயைத் திறக்கவில்லை. முந்தின நாள் கழற்றிய பல்பை முதலில் திரும்ப மாட்டினாள். சுவிட்சைப் போடுவாள், இறங்குவாள், பின்னால் போவாள், பார்ப்பாள், திரும்புவாள். செத்துப்போன அந்த அத்தா ஏன் முழங்கால் வலியோடு நடந்தார் என்று இப்போது புரிந்தது, நன்றாகவே புரிந்தது. டாங்க் இல்லாததால் இஞ்சினை ஓடவிட முடியாது. பரிசோதனைக்கென்று வைத்திருக்கும் பழைய ஸ்கூட்டர் பேட்டரியைத்தான் மாட்டியிருந்தாள். எங்காவது ஷார்ட் ஆனாலும் பெரிதாகத் தீப்பிடிக்காது. ஒவ்வொரு தடவையும் பின்பக்கம் போகும்போது, அங்கே யாரோ இப்போதுதான் ஒதுங்கி வழிவிட்டது போல இருந்தது. காற்று அந்த இடத்தில் மட்டும் கொஞ்சம் வெதுவெதுப்பு. பிரான்சி தலைக்குத் தேய்க்கும் தேங்காயெண்ணெய் வாசனை. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்துவிட்டுத் திரும்புவாள்.

நாலு மணிக்கு மழை பிடித்தது. ஐந்தரைக்குக் கரண்ட் போனது. ட்யூப் லைட் அணைந்ததும், ஷட்டருக்கு அடியில் தரையோடு தவழ்ந்து வந்த சாம்பல் வெளிச்சம் மட்டும் மிச்சமிருந்தது. இன்னும் ஒரே ஒரு விளக்கு, நம்பர் பிளேட் விளக்கு. அதையும் போட்டு, இறங்கிப் போய்ப் பார்த்தாள். எரிந்தது. எல்லாம் எரிந்தது. திரும்பி வந்து தன் இடத்தில் உட்கார்ந்து எல்லாச் சுவிட்சையும் மேலே தள்ளினாள். முன்னால் ஹெட்லைட் ஷட்டரின் உள்பக்கத்தில் இரண்டு மஞ்சள் வட்டமாக விழுந்தது. டேஷ் போர்டில் மீட்டர்கள் பச்சையாக ஒளிர்ந்தன. மூன்று நாளாக நெஞ்சில் கட்டி நின்ற பாரம் சட்டென்று இறங்கியது. முடிந்தது. ஒரு கேள்வி கேட்கவில்லை. ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தாள். அவளையறியாமல் நீளமாக ஒரு மூச்சு வந்தது. மூச்சோடு சேர்ந்து, பதினாறு வருஷமாக அந்த மூச்சுக்குப் பின்னால் வரும் வார்த்தையும் வந்துவிட்டது.

"அவ்ளோதான், வந்து உக்காருங்க."

சொல்லி முடித்த பிறகுதான் காதில் விழுந்தது.

அது கேள்வி இல்லை. கேள்வியைவிட மோசம்.

பின்னால் சாக்கு உரசும் சத்தம். செருப்பு இல்லாத கால்கள் சிமெண்டுத் தரையில் நிதானமாக நடந்தன. பின் பம்பர். பின் கதவு. முன் கதவு. இடப்பக்கக் கதவின் கைப்பிடி கீழே இறங்கியது. பிறகு சீட். முழுநீளமாக ஒரே மெத்தையாக இருக்கும் பழைய காலத்துச் சீட். ஒரு பக்கம் ஆள் உட்கார்ந்தால் மறுபக்கம் தூக்கும். ஸ்பிரிங்குகள் முனகின. டெல்பின் உட்கார்ந்திருந்த இடம் மெதுவாக மேலே எழும்பியது. எண்பது கிலோ. பிரான்சியின் எடை.

அவள் இடப்பக்கம் திரும்பவில்லை. எல்லாச் சுவிட்சையும் கீழே தள்ளினாள். இருட்டு.

"நாத்தம் எதுவும் வரலம்மா" என்றது பக்கத்திலிருந்து. "நல்லா பண்ணியிருக்க."

அந்த நேரம் டேஷ் போர்டின்மேல் அவள் போன் வெளிச்சம் போட்டது. பிரான்சியிடமிருந்து வாட்ஸ்அப். 'அமிர்தராஜுக்கு மெசேஜ் போட்டேன். அவர் பொன்மலையில இருக்காராமே. தனியா என்ன பண்ற? பஸ் பிடிச்சு வந்துட்டேன்.' அதற்குக் கீழே இன்னொன்று. 'பின்பக்கக் கதவு வழியா வந்துட்டேன். பின்னாடி நிக்கிறேன். நீ போடு. பேச முடியாது, எரிஞ்சா கையைத் தூக்குறேன்.'

"உள்ள வராதீங்க" என்று கத்தினாள்.

"வந்தாச்சே" என்றது பக்கத்துக் குரல்.

கதவைத் தேடி உதைத்த கால் பெடலில் பட்டது. பிரேக் விளக்கு எரிந்தது. மேலே இருந்த கண்ணாடியில் கொட்டகையின் பின்சுவர் சிவப்பாகத் தெரிந்தது. சாக்குகள். அவற்றின் முன்னால் பிரான்சி. நனைந்த சட்டை, கையில் மடக்கிய குடை. அவளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே வலது கையை உயரத் தூக்கினார். எரியுது.

இறங்கி ஓடலாமென்று பெடலிலிருந்து காலை எடுத்தாள். இருட்டு. கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள். ஷட்டர் அடியில் கசிந்த வெளிச்சம் பின்சுவர் வரை போயிருந்தது. சாக்குகள் இருந்தன. குடை தரையில் கிடந்தது. ஆள் இல்லை. அவர் பேரைச் சொல்லிக் கூப்பிட்டாள். பதில் பக்கத்துச் சீட்டிலிருந்து வந்தது.

போன் ஒளிர்ந்தது. 'ஏன் அணைச்ச? இங்க ரொம்ப இருட்டா இருக்கு. கதவு எங்க இருக்குன்னு தெரியல.'

மிதித்தாள். சிவப்பு. பிரான்சி நின்றுகொண்டிருந்தார். இப்போது சிரிப்பு இல்லை. குடை இல்லை. தூக்கிய கை தூக்கியபடி. அவர் உடம்பினூடாகச் சாக்கின் மடிப்பு லேசாகத் தெரிந்தது. பார்க் லைட்டைப் போட்டுவிட்டு, பெடலைத் தளர்த்திப் பார்த்தாள். அந்த மங்கல் சிவப்பில் சுவர் மட்டும்தான். பதறி மறுபடி மிதித்தாள். வந்தார். வந்தவருக்கு முழங்காலுக்குக் கீழே ஒன்றுமில்லை.

இனி எடுக்க மாட்டேன்.

பார்க் லைட்டை அணைத்தாள். அது வேண்டாம். கரண்ட் மிச்சமாகும். வலது காலின்மேல் இடது காலையும் வைத்துப் பெடலை அமுக்கினாள். கண் கண்ணாடியைவிட்டு நகரவில்லை. பானெட்டைத் திறந்து பிரேக் சுவிட்சின் இரண்டு வயரையும் முறுக்கிவிட்டால் விளக்கு தானாக எரியும். அதற்கு இறங்க வேண்டும். யாரையாவது கூப்பிடலாம், போன் டேஷ் போர்டின் இடக்கோடியில் இருந்தது, அந்தப் பக்கம் கையை நீட்ட வேண்டும். கடைக்கண்ணில் ஒரு வெள்ளைச் சட்டைக் கை தெரிந்தது. அந்தக் கையில் பிரான்சியின் கடிகாரம். ஈரமே இல்லாத சட்டை. கை மெல்ல நகர்ந்து போனை எடுத்து, திரையைக் கவிழ்த்து வைத்தது.

"கால் மரத்துப் போகும் டெல்பின்" என்றது. ரொம்பக் கரிசனமாக. "எடும்மா. வீட்டுக்குப் போலாம். ஞாயித்துக்கிழமை பாட்டு இருக்கு எனக்கு."

பிரான்சி கண்ணாடியில் வாயைத் திறந்தார். ஏதோ கத்தினார். கழுத்து நரம்பு புடைத்தது. ஒன்றும் கேட்கவில்லை.

மழை. ஸ்பிரிங் முனகல். பக்கத்தில் சீரான மூச்சு.

பிரேக் விளக்கு இரண்டும் சேர்ந்தால் மணிக்கு எவ்வளவு இழுக்கும், காலையிலிருந்து பாதி இறங்கிய அந்தப் பேட்டரியில் எவ்வளவு மிச்சமிருக்கும் என்று அவளுக்குத் தெரியும். வேண்டாமென்றாலும் மனசு கணக்குப் போட்டது. சுவரின் சிவப்பு பழுப்பாகிக்கொண்டு வந்தது. பிரான்சியின் கை இன்னும் மேலேதான் இருந்தது; கைக்குக் கீழே இடுப்புவரைதான் இருந்தார். பெடலை எவ்வளவு அழுத்தினாலும் விளக்கு கூடுதலாக எரியாது, அது வெறும் சுவிட்ச் என்பது உலகத்தில் யாருக்குத் தெரியாவிட்டாலும் டெல்பினுக்குத் தெரியும். இருந்தும் இரண்டு காலாலும் அழுத்திக்கொண்டே இருந்தாள்.